மியூனிக்கில் வீடு: ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) இல்லாத அறையை எடுக்கலாமா?

தெப்பக்குளத்தான்:
வணக்கம். மியூனிக் வந்து ஏழு வாரம் ஆகிறது. கம்பெனி பிடித்துக் கொடுத்த அறை 30-ஆம் தேதியோடு முடிகிறது. 64 வீடுகளுக்கு எழுதிப் போட்டதில் பதில் வந்தது ஒன்பது. போய்ப் பார்த்தது நான்கு.

கடைசியாகப் பார்த்தது மோசாக் பக்கம், மூன்றாவது மாடி. வரிசை படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவாசல் வரை நின்றது. எனக்கு முன்னால் நின்ற ஜோடி தங்கள் போட்டோ, சம்பளச் சீட்டு, ஷூஃபா (கடன் பாக்கி விவர அறிக்கை) எல்லாவற்றையும் ஸ்பைரல் போட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரி வைத்திருந்தார்கள். என் கையில் ஒரே ஒரு சம்பளச் சீட்டு, அதுவும் நான்காக மடித்தது. வீட்டுக்கார அம்மா தன்மையாகத்தான் பேசினார். "நிறைய சமைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு பதிலும் இல்லை.

இப்போது ஒருவர் 850 யூரோவுக்கு ஒரு அறை தருகிறேன் என்கிறார். ஆனால் ஆன்மெல்டுங் கிடையாதாம், தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டவும் கூடாதாம். மனைவியும் மகளும் தையில் வருகிறார்கள். தலைக்கு மேல் கூரை இருந்தால் போதும் என்று எடுத்துவிடலாமா?

இன்னொன்று: 70 சதுர மீட்டர், 780 யூரோ, நல்ல படங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். சபலமாக இருக்கிறது.

பவானிக்காரி:
தம்பி, முதலில் அந்தக் கூரியர் சாவி. அந்த விலைக்கு அவ்வளவு பெரிய வீடு இந்த ஊரில் இல்லை. வீட்டைக் கண்ணால் பார்த்து, சாவி கைக்கு வராமல் ஒரு சென்ட் கூட அனுப்பாதீர்கள்.

அறையும் வேண்டாம். நான் 2016-இல் இதையேதான் செய்து மாட்டிக்கொண்டேன். குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், பதியாவிட்டால் 1,000 யூரோ வரை அபராதம். பதிவதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு வேண்டும். அதைத் தர மாட்டேன் என்கிறவர் பெரும்பாலும் தானே வாடகைக்கு இருந்துகொண்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுபவர். பிடிபட்டால் அவருக்கும் வீடு போகும், உங்களுக்கும் போகும்.

தபால் பெட்டி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். வங்கி அட்டை, இன்சூரன்ஸ் அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். என் வங்கி அட்டை இரண்டு முறை திரும்பிப் போனது. வரி எண் வர நாளானதால் கம்பெனி ஆறாம் வரி வகுப்பில், அதாவது அதிகமாக வரி பிடிக்கும் வகுப்பில், பிடித்தது. அந்த மாதச் சம்பளத்தைப் பார்த்து அழுதேன். பின்னால் திரும்பி வந்தது, வேறு கதை. உங்கள் மனைவி, மகள் விசா எந்த ஊர் அலுவலகத்துக்குப் போகும் என்பதற்கும் முகவரி வேண்டும்.

கம்பெனியிடம் வெட்கப்படாமல் இன்னும் இரண்டு மாதம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஆன்மெல்டுங் உண்டு என்று எழுதித் தரும் அறையாகப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் சரி.

மறந்தேன்: முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேக்கு (ஹீட்டிங், தண்ணீர்ச் செலவு சேராத வாடகை) மேல் கேட்க முடியாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. புரோக்கரை வீட்டுக்காரர் அமர்த்தியிருந்தால் கமிஷனும் அவர் தலையில்தான். 2015-இலிருந்து அப்படித்தான் சட்டம்.

குழம்புச்சட்டி:
ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமைப்பாராம்! வீடு கிடைத்தாலும் அதில் சமையலறை இருக்குமா என்று பாருங்கள். நான் முதல் வீட்டுக் கதவைத் திறந்தபோது சமையல்கட்டில் இருந்தது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான ஒரு ஒயரும்தான். சிங்க், அலமாரி, பல்பு கூட முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். மூன்று வாரம் பாத்ரூமில் பாத்திரம் கழுவினோம். விளம்பரத்தில் ஐன்பாவ்கூஷே என்று இருந்தால்தான் சமையலறை உண்டு என்று அர்த்தம்.

அப்புறம், மூன்று ட்சிம்மர் (அறை) என்றால் நம் ஊர்க் கணக்கில் மூன்று பெட்ரூம் இல்லை. ஹாலையும் சேர்த்து எண்ணுவார்கள்.

லெஹ் நதி:
நான் ஆக்ஸ்பர்க்கில் இருக்கிறேன், வேலை மியூனிக்கில். ரயிலில் முக்கால் மணி நேரம், ஜெர்மனி டிக்கெட் (உள்ளூர், வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டு) போதும். ரயில் தாமதமாகும், அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். வாடகை மியூனிக்கை விடக் குறைவு. ஆல்பம் போட்ட ஜோடியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நீங்களும் அதே மாதிரி ஒன்று போடுங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், குடும்பத்தைப் பற்றி நான்கு வரி ஜெர்மனில். ஷூஃபாவில் புதிதாக வந்தவருக்கு ஒன்றுமே இருக்காது, அதை மறைக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தெப்பக்குளத்தான்:
பவானி அக்கா, அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூரியர்காரர் இன்று காலை "இன்னும் இருவர் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அந்த இருவருக்காகத்தான் கவலையாக இருக்கிறது. கம்பெனியில் கேட்டதில் ஒரு மாதம் நீட்டித்தார்கள்.

ஆக்ஸ்பர்க்கில் நேற்று இரவு எழுதிப் போட்ட வீட்டுக்கு வியாழன் ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குழம்புச்சட்டி சொன்னதற்கப்புறம் விளம்பரத்தைத் திரும்பப் படித்தேன். பால்கனி இருக்கிறது, சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது. ஐன்பாவ்கூஷே இல்லை.