கொம்பவுண்ட் வில்லு: கிறிப் தடிப்பாக இருந்தால் அம்பு இடம்வலமாகப் பரவுமா?

நீர்வேலிப் பெட்டை

எல்லாருக்கும் வணக்கம். சுவிஸில் இருக்கிற அக்கா தான் பாவித்த கொம்பவுண்ட் வில்லை (நுனிகளில் கப்பி பூட்டின வில்லு) எனக்குத் தந்துவிட்டுப் போனார். 50 இறாத்தல், லெற்-ஓவ், அதாவது முழுதாக இழுத்ததும் குறைகிற பாரம், 80 வீதம். ஏ.எல் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன், அதனால் பின்னேரங்களில் ஒழுங்காகப் பழக முடிகிறது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முதலாக வரப்போகிறது என்று வாசித்ததில் இருந்து ஆசை இன்னும் கூடிவிட்டது.

பிரச்சினை கிறிப், அதாவது கைப்பிடிதான். றைசரில், அதாவது வில்லின் நடுச்சட்டத்தில், தடித்த றப்பர் கிறிப் ஒன்று பூட்டியிருக்கிறது, என் கை சின்னது. நாலு மணி வெயிலில் கை வேர்த்து, ஒவ்வொரு அம்புக்கும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கிறது. கொஞ்ச நேரம் எய்த பிறகு பெருவிரலின் அடி நோகிறது, மோதிரவிரலும் சின்னிவிரலும் விறைக்கின்றன. 30 மீற்றரில் மேல் கீழாகப் பெரிதாகப் பிசகுவதில்லை, ஆனால் இடம் வலமாகப் பரவுகிறது. 50 மீற்றருக்குப் போனால் சொல்லவே வேண்டாம். எனக்குப் பழக்குகிற சேர் றிகேர்வ் (கப்பி இல்லாத வில்லு) எய்பவர். "இறுக்கிப் பிடிக்காதே" என்று சொல்வார், ஆனால் இறுக்காமல் விட்டால் வில்லு கையை விட்டு விழுந்துவிடும் போல பயமாக இருக்கிறது. கிறிப்பை மாற்றவா, ரேப் சுற்றவா, இல்லாவிட்டால் பிழை வேறு எங்காவது இருக்கிறதா?

செம்மண்_ரொறன்ரோ

தங்கச்சி, இடம்வலப் பரவலும் விரல் விறைப்பும் சேர்ந்து வருகிறதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கையைத்தான், கிறிப் அதற்கு அடுத்தது. றிகேர்வில் இழுத்த பாரம் முழுக்க கடைசிவரை கையை அழுத்திக்கொண்டே நிற்கும், அந்த அழுத்தமே வில்லை ஓரளவு நேராக்கிவிடும். உங்கள் வில்லில் இழுக்கும்போது 50 இறாத்தல் வந்து, கடைசியில் சடாரென்று 10க்கு இறங்குகிறது. அந்த இறங்குகிற இடத்தில்தான் கை தன்னை அறியாமல் வில்லை இன்னொரு தடவை பிடித்துப் பார்க்கும், விரல்கள் மடங்கும், வில்லு ஒரு பக்கம் திரும்பும். 10 இறாத்தல் பாரம் அந்தத் திருகலைச் சரிப்படுத்தப் போதாது. போதாக்குறைக்கு, கேபிள்களை அம்பின் வழியில் இருந்து ஒதுக்கி வைக்கிற கம்பியும் றைசரை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டே இருக்கும். இதனால்தான் லெற்-ஓவ் கூடின வில்லுகள் கைப்பிழையைக் கொஞ்சமும் மன்னிப்பதில்லை.

நாணை விட்ட பிறகு அம்பு நாணைப் பிரிய ஒரு செக்கனின் நூறில் ஓரிரு பங்குதான் எடுக்கும். அதற்குள் யாராலும் எதையும் திருத்த முடியாது. விடும்போது கையில் என்ன திருகல் இருந்ததோ அது அம்போடு போய்விடும். அம்பின் திசை 0.1 பாகை மாறினாலே 50 மீற்றரில் 8.7 சென்ரிமீற்றர் விலகும். அந்தத் தூரத்தில் கொம்பவுண்டுக்கு வைக்கிற 80 சென்ரிமீற்றர் இலக்கில் பத்து வளையத்தின் முழு அகலமே 8 சென்ரிமீற்றர்தான். நடுவில் விழ வேண்டியது எட்டில் போய் நிற்கும்.

கை வைக்கிற முறையைச் சொல்கிறேன். பஸ்ஸை மறிக்கிற மாதிரி கையை முன்னால் நீட்டி, விரல்களைத் தளர்த்தி, பிறகு விரல் மூட்டுகள் ஏறத்தாழ 45 பாகையில் சரிந்து நிற்கும்படி கையைத் திருப்புங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்கிற கவடு கிறிப்பின் கழுத்தில் மேலே வடிவாக முட்ட வேண்டும். பாரம் பெருவிரல் மேட்டில் இறங்க வேண்டும், கிறிப் ஆயுள்ரேகையைத் தாண்டி உள்ளங்கைக்குள் வரக்கூடாது. சுட்டுவிரல் வேண்டுமானால் றைசரின் முன்பக்கத்தை மெல்லத் தொடலாம், மற்ற விரல்களுக்கு அங்கே வேலை இல்லை. விரல்களை விறைப்பாக விரித்து நீட்டுவதும் கூடாது, அதுவும் ஒரு இறுக்கம்தான். நாணைச் சற்று இழுத்து, கையில் கொஞ்சம் பாரம் விழுந்ததும் இடத்தைச் சரிபார்த்துவிட்டு முழுதாக இழுங்கள். இழுத்து முடித்த பிறகு கையை அசைக்கவே வேண்டாம். சரியில்லை என்று பட்டால் இறக்கிவிட்டு முதலில் இருந்து தொடங்குங்கள்.

வில்லு விழுந்துவிடும் என்கிற பயம் நியாயமான பயம். மனதை அடக்கிக்கொண்டு எய்யச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. மணிக்கட்டு ஸ்லிங் (வில்லைக் கையோடு இணைக்கிற வார்) ஒன்று பூட்டுங்கள், கிடைக்காவிட்டால் சப்பாத்து நாடாவில் விரல் ஸ்லிங் கட்டலாம், கனபேர் அதைத்தான் பாவிக்கிறார்கள். வில்லு விழாது என்று கைக்குத் தெரிந்தால் அது தானாகத் தளரும்.

பருத்தித்துறை_காற்று

கையைக் குற்றம் சொல்ல முன்னம் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். எந்த மாதத்தில் எய்கிறீர்கள்? சோளகம் பிடித்து வீசுகிற காலத்தில் பின்னேரம் திறந்த வெளியில் 50 மீற்றர் எய்தால் யாருடைய அம்பும் இடம்வலமாகப் போகும், வில்லை ஆடாமல் வைக்கிற ஸ்ரெபிலைசர் கம்பியிலும் காற்று பிடித்து வில்லைத் தள்ளும். காற்று எழும்ப முதல் விடியப்புறமாகப் போய் அதே தூரத்தில் எய்து பாருங்கள். அப்போது அம்புகள் விழுகிற குழு சுருங்கினால் பாதிப் பிழை காற்றினுடையது.

அடுத்தது சரிவு. குறி பார்க்கிற சைற்றில் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும், ஒவ்வொரு அம்புக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறீர்களா? வில்லு சரிந்தால் சரிந்த பக்கத்துக்கு அம்பு போகும், தூரம் கூடக் கூட அந்த விலகலும் கூடும். தடித்த கிறிப்பில் சின்னக் கை வைத்தால் வில்லு சரிவதற்கும் சந்தர்ப்பம் கூட, அதனால் செம்மண் அண்ணை சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு செலவழிக்க முதல் எது காற்று, எது சரிவு, எது கை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

பிசியோ அக்கா

விறைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதை யாரும் லேசாக எடுக்கக்கூடாது. மோதிரவிரலும் சின்னிவிரலும் விறைக்கிறதென்றால் அந்த விரல்களுக்குப் போகிற நரம்பு மணிக்கட்டின் சின்னிவிரல் பக்கத்தில், உள்ளங்கையின் அடியில் நசிபடுகிறது என்று நினைக்க இடம் இருக்கிறது. கனதூரம் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு ஹாண்டிலில் சாய்ந்து சாய்ந்து வருகிற விறைப்பும் இதே நரம்பால்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிறிப் உள்ளங்கை முழுக்க அடைத்து, பாரம் பெருவிரல் மேட்டை விட்டு மற்றப் பக்கத்துக்கும் போகிறது போல் இருக்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டை அதிகம் மடித்து வைப்பதால் வரலாம்.

விறைக்கத் தொடங்கியதும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரவிலும் விறைத்தாலோ, பேனை பிடிக்க, போத்தல் மூடி திறக்கப் பலம் குறைந்த மாதிரி இருந்தாலோ டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி வில்லைத் தொட வேண்டும். இன்னொன்று, இழுக்கும் நீளம் அக்காவுக்குச் சரிபார்த்தபடியே இருக்கிறதா? உங்களுக்கு அது கூடவாக இருந்தால் தோளை முன்னுக்குத் தள்ளி, கையை எட்டி எட்டிப் பிடிக்க வேண்டிவரும், பிறகு எந்தக் கிறிப்பைப் பூட்டினாலும் கை தளராது.

சுன்னாகம் மரவேலை

பிள்ளை, அந்த றப்பரைக் கழற்றிப் பார்த்தீரா? அநேகமான வில்லுகளில் ஒன்றிரண்டு ஆணியோடு கழன்று வரும், உள்ளே றைசரின் உலோகமே ஒடுக்கமாக இருக்கும். எங்களிடம் வருகிற சிலர் அதையே வெறுமனே பிடித்து எய்கிறார்கள். கிறிப் அகலமாக இருந்தால் கையின் அழுத்தம் நடுக்கோட்டை விட்டு விலகி விழ இடம் கூட, விலகினால் அதுவே வில்லைத் திருப்புகிற நெம்பு. ஒடுக்கமானதில் விலக இடமே இல்லை. ஆனால் மிகவும் ஒடுக்கினால் எலும்பில் குத்தி நோகும், அப்போது கை ஒவ்வொரு தடவையும் நோவுக்கு ஒளித்து இடம் மாறும். இரண்டுக்கும் நடுவில் உம்முடைய கைக்கு ஏற்ற அகலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மரத்தில் செய்ய விருப்பமென்றால் நன்றாகக் காய்ந்த பூவரசு எடுக்கலாம், வைரமும் இருக்கும், அரத்துக்கும் இணங்கும். பனை வேண்டாம், சிலாம்பு ஏறும். விரல் பதியப் பள்ளம் பள்ளமாகச் செதுக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள், பார்க்க வடிவு, ஆனால் பள்ளம் விரலை மடக்கிப் பிடிக்கத்தான் கூப்பிடும். பின்பக்கம் சற்றுத் தட்டையாக, ஓரங்கள் மட்டும் உருட்டி, மேலே கவடு உட்காருகிற இடம் மாத்திரம் ஒழுங்காக வளைந்திருந்தால் போதும். றைசரில் துளை போடவோ அதை அராவவோ கூடாது, பாரம் தாங்குகிற சட்டம் அது. பழைய ஆணியின் நீளத்துக்கே புது மரத்தையும் அளந்து செய்யுங்கோ.

நீர்வேலிப் பெட்டை

எல்லாருக்கும் பெரிய நன்றி. றப்பரைக் கழற்றியாயிற்று, உள்ளே றைசர் ஒடுக்கமாகவே இருக்கிறது, கைக்கு எவ்வளவோ சுகம். ஸ்லிங்கும் கட்டிவிட்டேன். இழுக்கும் நீளத்தை சேரிடம் காட்டி அளக்கப் போகிறேன். விடிய எய்து பார்த்தேன், காற்று இல்லாமலும் இடம்வலம் இருக்கிறது, ஆனால் முந்தியை விடக் குறைவு. இப்போது ஒரு கேள்வி: வெறும் உலோகம் வேர்வையில் வழுக்குகிறது. பட்மின்ரன் மட்டைக்குச் சுற்றுகிற ரேப்பைச் சுற்றலாமா?

சுன்னாகம் மரவேலை

சுற்றலாம், மலிவும்கூட. ஒரு சுற்று மட்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். ஏறினால் அந்த இடம் மேடாகி, கழற்றின தடிப்பு திரும்பவும் வந்துவிடும்.

செம்மண்_ரொறன்ரோ

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒட்டுகிற ரேப் கையை முதலில் வைத்த இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். சரியான இடத்தில் வைத்தால் நல்லது, சற்றுத் திருகி வைத்தால் அந்தத் திருகலையும் பிடித்து வைத்திருக்கும். வழுக்கலான கிறிப்பில் பாரம் ஏற ஏற கை தானாக வழுக்கித் தன்னுடைய இடத்துக்குப் போய் அமர்ந்துவிடும். இங்கே குளிரில் எய்கிற எனக்கு வழுக்கல்தான் பிடிக்கும். யாழ்ப்பாணத்து வேர்வைக்கு அது சரிவராமல் போகலாம், அங்கே ஒட்டாத, துணி மாதிரியான மெல்லிய ரேப் எடுங்கள், கையைத் துடைக்க ஒரு துவாயும் இடுப்பில் இருக்கட்டும்.

எதைச் சுற்றினாலும் இப்படிச் சோதியுங்கள். உள்ளங்கையில் பவுடர் பூசி, இழுத்து, இலக்கில் எய்துவிட்டு கிறிப்பில் எங்கே வெள்ளை பதிந்திருக்கிறது என்று பாருங்கள். துடைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். அடையாளம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒடுக்கமாகப் பதிந்தால் கை படிந்துவிட்டது. பிறகு மிகக் கிட்ட வைத்த இலக்கில், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணை மூடி எய்து பழகுங்கள், குறி பார்க்கிற வேலை இல்லாதபோது கை என்ன செய்கிறது என்று வடிவாக உணரலாம்.

கை ஒரே மாதிரி ஆன பிறகும் கொஞ்சம் பரவல் மிஞ்சும், எல்லாருக்கும் மிஞ்சும். அதற்கு சைற் கம்பியின் நீட்டத்தைத் தொட வேண்டும். 20 மீற்றரில் வேண்டுமென்றே வில்லைக் கொஞ்சம் இடப்பக்கம் திருகி சில அம்பு, வலப்பக்கம் திருகி சில அம்பு எய்யுங்கள், குறி மட்டும் நடுவிலேயே இருக்கட்டும். இரண்டு குழுவும் எவ்வளவு தூரம் பிரிகிறது என்று பாருங்கள். கம்பியை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் எய்தால் அந்த இடைவெளி மாறுவது தெரியும், மிகக் குறைகிற இடத்தில் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு பழைய சைற் அடையாளங்கள் ஒன்றும் பொருந்தாது, 30, 50 இரண்டையும் புதிதாக எடுக்க வேண்டும்.