தொட்டிப் பாலில் செல் எண்ணிக்கை 4.8 லட்சம்: எந்தப் பரிசோதனையில் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். எங்கள் பண்ணையில் 22 மாடுகள் கறவையில் உள்ளன, இயந்திரத்தால் கறக்கிறோம். எல்லா மாடுகளின் பாலும் சேரும் தொட்டிப் பாலின் சென்ற மாத அறிக்கையில் சோமாடிக் செல் எண்ணிக்கை மில்லிக்கு 4,80,000 என்று வந்தது. மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கையோ 20,000-க்குள் அடங்கியிருந்தது. பால் திரியவில்லை, எந்த மாட்டின் மடியும் வீங்கவோ இறுகவோ இல்லை. சந்தேகத்தின் பேரில் இரண்டு மாடுகளுக்குக் காம்பின் வழியே ஆன்டிபயாடிக் மருந்தேற்றினோம், பலன் தெரியவில்லை. பரிசோதனை நிலையத்தில் தொட்டிப் பாலின் நுண்ணுயிர் வளர்ப்பு (பாலிலுள்ள கிருமியை வளர்த்து இன்னதென்று அறிவது), மாடு வாரியான செல் எண்ணிக்கை, காம்பு வாரியான நுண்ணுயிர் வளர்ப்பு என மூன்று சேவைகள் உள்ளன. மூன்றையும் ஒருசேரச் செய்ய வசதியில்லாத நிலையில் எதை முதலில் கேட்பது?

பதில் 1

ஐயா, உங்கள் அறிக்கையிலுள்ள இரண்டு எண்களும் ஒன்றையே சொல்பவை அல்ல. நுண்ணுயிர் எண்ணிக்கை கறவைத் தூய்மையையும் பாலைக் குளிர்வித்த விதத்தையும் காட்டுவது. அதில் உங்களுக்குக் குறையில்லை. சோமாடிக் செல்கள் பெரும்பாலும் மடிக்குள் நோயை எதிர்க்க வந்த வெள்ளை அணுக்கள். ஒரு மாட்டின் பாலில் அவை மில்லிக்கு 2 லட்சத்தைத் தாண்டினால், கண்ணுக்குப் புலப்படாத மடிநோய் இருப்பதாகவே கொள்வது வழக்கம்.

ஆனால் தொட்டியின் எண்ணைப் பார்த்துவிட்டு மந்தை முழுவதற்கும் நோய் என்று அஞ்ச வேண்டாம். எல்லா மாடுகளும் ஏறக்குறைய ஒரே அளவு கறக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 20 மாடுகள் 1.5 லட்சத்தில் இருக்க, மீதி இரண்டு மாடுகள் 38 லட்சத்தில் இருந்தாலே தொட்டியில் 4.8 லட்சம் வந்துவிடும். தொட்டிப் பாலை வளர்த்துப் பார்த்தால் எந்தக் கிருமி இருக்கிறது என்று ஓரளவு தெரியலாமே தவிர, எந்த மாடு என்று தெரியாது. எனவே மாடு வாரியான செல் எண்ணிக்கையில் தொடங்குங்கள். அதில் உயர்ந்து நிற்கும் மாடுகளுக்கு மட்டும் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையை நீங்களே கொட்டகையில் செய்து, பிடிபடும் காம்புகளின் பாலை மட்டும் வளர்ப்புக்கு அனுப்புங்கள்.

செய்முறை எளிது. முதல் இரண்டு மூன்று பீச்சல்களை விட்டுவிட்டு, நான்கு குழித் தட்டில் காம்புக்கு ஒரு குழியாகக் கறந்து, தட்டைச் சாய்த்து மிகுதியை வடித்து, எஞ்சியதற்குச் சம அளவு சோதனைக் கரைசலை ஊற்றி மெல்லச் சுழற்ற வேண்டும். கரைசலிலுள்ள சலவைப் பொருள் செல்களை உடைக்கும், வெளிவரும் டி.என்.ஏ. கூழாகத் திரளும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுற்ற பால் முட்டையின் வெள்ளைக்கரு போல நடுவில் குவியும். சுழற்றும்போதே முடிவைப் பார்த்துவிடுங்கள். சற்றுத் தாமதித்தால் மெல்லிய திரட்சி கலைந்துவிடும்.

பதில் 2

மேலே சொன்ன வரிசையை நானும் ஆமோதிக்கிறேன். வளர்ப்புச் சோதனையில் நான் பட்ட பாட்டை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் முறை நான் அனுப்பிய எட்டு மாதிரிகளில் ஐந்துக்கு ‘பல கிருமிகள் கலந்துள்ளன, மாதிரி மாசடைந்தது’ என்றே பதில் வந்தது, கட்டணம் வீண். தவறு என்னுடையதுதான்: ஈரம் காயாத மடியிலிருந்து, குப்பியை நிமிர்த்திப் பிடித்துக் கறந்திருந்தேன்.

இப்போது மடியை உலரத் துடைத்து, முதல் பீச்சல்களை விலக்கி, 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியை, பஞ்சில் அழுக்கு ஏறாதவரை, துடைக்கிறேன். துடைக்கும்போது எட்டத்துக் காம்புகள் முதலில், கறக்கும்போது கிட்டத்துக் காம்புகள் முதலில். இல்லாவிட்டால் துடைத்து முடித்த காம்பின் மேலேயே கை உரசும். குப்பியைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மேலிருந்து தூசியும் மயிரும் விழாது. மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. மாதிரியை உடனே பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பித்துவிடுங்கள். மருந்தேற்றிய பிறகு மாதிரி எடுப்பது வீண் வேலை.

பதில் 3

என் கருத்து சற்றுக் கடுமையானது: கிருமி இன்னதென்று தெரியும்வரை வேறெந்த மாட்டுக்கும் மருந்தேற்றாதீர்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மடிநோய்க் கிருமி மடித் திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகப் பதுங்குவது. பாலில் விட்டு விட்டு வெளிவருவதால், ஒருமுறை வளர்ச்சி இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது. முதல் ஈற்று மாட்டில் ஒரே காம்பில் புதிதாக வந்திருந்தால் மருந்து கேட்க வாய்ப்புண்டு. வயதான மாட்டில் பல காம்புகளில் நாட்பட்டிருந்தால் அரிது, அதை மந்தையிலிருந்து விலக்குவதே மற்றவற்றுக்கு நல்லது. இது ஒரு மாட்டிடமிருந்து இன்னொரு மாட்டுக்குக் கறவையின்போதுதான் பெரும்பாலும் பரவுகிறது என்பதால், நோயுள்ளவற்றைக் கடைசியில் கறந்து, மாட்டுக்கொரு துணி வைத்து, கறந்தவுடன் ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசலில் தோய்த்தெடுங்கள். கறந்தபின் காம்புத் துளை மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அதுவரை மாடு படுக்காதிருக்கத் தீவனத்தை அப்போது வையுங்கள். ஈ. கோலை போன்ற சாணக் கிருமி என்றால் கவனம் படுக்கையிடத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: ஒரு காம்புக்கு மருந்தேற்றினாலும் நான்கு காம்புகளின் பாலையும், மருந்தின் உறையில் சொன்ன நாள்வரை, தொட்டியில் சேர்க்கக்கூடாது. இரண்டு மாடுகளுக்கு ஏற்றியபோது அப்படிச் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மருந்தேற்றிய இரண்டு மாடுகளின் பாலையும் முழுவதுமாக ஒதுக்கினோம். மாடு வாரியான எண்ணிக்கையில் மூன்று மாடுகள் 20 லட்சத்தைத் தாண்டின. நாங்கள் மருந்தேற்றிய இரண்டும் அவற்றில் இல்லை என்பதுதான் வெட்கம். தட்டுச் சோதனையில் அந்த மூன்றிலும் சேர்த்து நான்கு காம்புகள் திரண்டன, மாதிரிகள் போயிருக்கின்றன. நான்கு நாள் முன்பு கன்று ஈன்ற வேறொரு மாட்டுக்கு நான்கு காம்புகளிலுமே இலேசாகத் திரள்கிறது. அதையும் அனுப்பவா?

பதில் 1

இப்போது வேண்டாம். ஈன்ற முதல் சில நாட்களில் நோயில்லாத மடியிலும் செல்கள் கூடுதலாக இருக்கும். நான்கும் ஒரே அளவில் இலேசாகத் திரள்வது பெரும்பாலும் அதனால்தான். ஒரு வாரம் கழித்து மீண்டும் தட்டில் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் தனித்துத் திரண்டால் அந்தக் காம்பின் பாலை அனுப்புங்கள்.