அப்பா போன பிறகு தம்பியின் இன்ஜினியரிங் படிப்புக்குப் பணம்: எங்கிருந்து தொடங்குவது?

பல்லடம் மூத்தவள்:

வணக்கம்ங்க. நாங்கள் பல்லடம் பக்கம் ஒரு கிராமம். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். போன தீபாவளிக்கு போனஸ் வாங்கி வந்து, எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்த அதே வாரம் நெஞ்சு வலிக்கிறது என்றார். தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்துப் பார்த்தோம். காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு 47 வயதுதான். அந்தச் செலவுக்காக அம்மாவின் நகை மொத்தமும் கூட்டுறவு சொசைட்டியில் அடமானத்தில் இருக்கிறது.

எனக்கு 22 வயது. பிளஸ் டூவோடு நின்று, திருப்பூரில் வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். சனிக்கிழமை சம்பளம். அம்மா வீட்டில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறார். இரண்டையும் சேர்த்தால் வீட்டுச் செலவும் நகைக்கடன் வட்டியும் ஓடுகிறது, அவ்வளவுதான்.

தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். ஆறாவதிலிருந்தே அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். கட்-ஆஃப் 181. அவனுக்கு ட்ரிபிள் இ, அதாவது எலக்ட்ரிகல் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் தான் வேண்டும். லீவு நாளில் தறிக்குடோன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் போய் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, இப்போது தானே கட்டிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டான். அப்படிப்பட்டவன் இப்போது, "நான் கம்பெனிக்குப் போறேன்க்கா, நீ ஒருத்தியே எத்தனை நாளைக்குப் பார்ப்பே" என்கிறான். அதைக் காதில் வாங்கவே முடியவில்லை. அவன் படிக்க வேண்டும். இதில் மட்டும் நான் மாறமாட்டேன்.

வழி சொல்கிறவர்கள் மூன்று பேர். ஒரு காலேஜ் ஏஜென்ட், 25,000 இப்போதே கட்டினால் மேனேஜ்மென்ட் சீட் உறுதி, அரசு கவுன்சிலிங்கை நம்பினால் எதுவும் கிடைக்காது என்கிறார். எங்கள் ஊர் ஃபைனான்ஸ்காரர் 2 லட்சம் தருகிறேன், மூன்று வட்டி, வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்கள் என்கிறார். பெரியம்மா மகன், நெட்டில் அப்பா போட்டோவைப் போட்டு உதவி கேட்கலாம், நிறையப் பேர் செய்கிறார்கள் என்கிறான். அம்மா அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "அந்த மனுசன் யார்கிட்டயும் கை நீட்டினதே இல்லை, செத்த பிறகு அவர் போட்டோவை வச்சா கேக்கறது?" என்று ஒரே அழுகை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதிலிருந்து தொடங்குவது?

———

கோபி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்:

அம்மா, முதலில் அந்த 25,000-ஐக் கொடுக்காதீர்கள். கவுன்சிலிங் முடிகிற வரை எந்தக் கல்லூரிக்கும் எந்த ஏஜென்ட்டுக்கும் ஒரு ரூபாயும் வேண்டாம். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, நீங்கள் என்று யாருமே டிகிரி முடிக்கவில்லை என்றால் தம்பிதான் முதல் தலைமுறைப் பட்டதாரி. இ-சேவையில் விண்ணப்பித்து அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். அந்தச் சான்றிதழுக்கான கல்விக் கட்டணச் சலுகை அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் வாங்கும் சீட்டுக்குத்தான் உண்டு. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் அது போய்விடும்.

கவுன்சிலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில் அரசுக் கல்லூரிகளை மேலே போடுங்கள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி), ஈரோடு சித்தோட்டில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரி, சேலம் கருப்பூரில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரி, மூன்றிலும் ட்ரிபிள் இ உண்டு. கிடைக்குமோ கிடைக்காதோ என்று நீங்களே முடிவு கட்டி விட்டுவிடாதீர்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் தனியார் கட்டணத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

மூன்று வட்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லட்சத்துக்கு மாதம் 6,000. நான்கு வருடத்தில் வட்டி மட்டும் 2,88,000. அசல் அப்படியே நிற்கும், பத்திரமும் அவரிடமே இருக்கும்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி என்கிற அரசு இணையத்தளத்தில் விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, சொத்து ஜாமீனும் கிடையாது. அம்மா சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் திட்டத்தில் வந்தால், அதுவரைக்குமான வட்டியை மத்திய அரசின் மானியம் கட்டிவிடும். ஆனால் வருமானச் சான்றிதழை வங்கிக் கிளையில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்தார்களா என்று நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காத பிள்ளைகளின் கணக்கில் வட்டி ஏறி நின்றதை என் சர்வீஸில் நிறையப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

மேனேஜர் வாய்வார்த்தையாக "இல்லைம்மா" என்றால் அதோடு திரும்பி வராதீர்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம்.

———

சோமனூர் அக்கா:

அம்மிணி, நீ எழுதினதைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. எங்க வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் வேலையில் இருக்கும்போதே தவறிவிட்டார். மகள் அப்போது பிளஸ் ஒன். உங்கள் வீட்டில் இப்போது நடக்கிற பேச்சு அத்தனையும் எங்கள் வீட்டிலும் நடந்தது. கருமாதி முடிந்த கையோடு ஆளாளுக்கு வழி சொன்னார்கள். கடன் எங்கே வாங்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம் என்றுதான் எல்லோரும் பேசினார்களே தவிர, அவர் சம்பாதித்து வைத்தது எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மில்லில் அவரோடு ஷிப்ட் பார்த்த ஒரு அண்ணன்தான் வீட்டுக்கு வந்து, "பிஎஃப் எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அப்பா சம்பளத்தில் பிஎஃப் பிடித்தார்களா? அதை முதலில் பார். பழைய சம்பளச் சீட்டிலோ, அவர் போனுக்கு வந்த மெசேஜிலோ யுஏஎன் என்கிற பிஎஃப் நம்பர் இருக்கும். பிடித்திருந்தால், வேலையில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்கு மூன்று விதமாகப் பணம் வரும். கணக்கில் சேர்ந்த பிஎஃப் ஒன்று. அப்புறம் பென்ஷன்: அம்மாவுக்கு மாதாமாதம் குறைந்தது 1,000 ரூபாய், அதுபோக இரண்டு பிள்ளைகள் வரை ஒவ்வொருவருக்கும் அம்மா பென்ஷனில் கால் பங்கு, 25 வயது வரைக்கும். தம்பிக்கு மட்டுமில்லை, உனக்கும் வரும்.

மூன்றாவதுதான் பெரிது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஈடிஎல்ஐ என்று ஒரு இன்சூரன்ஸ். தொழிலாளியின் சம்பளத்தில் இதற்கென்று எதுவும் பிடிக்க மாட்டார்கள், கம்பெனி கட்டுகிற பணம், அதனால் இப்படி ஒன்று இருப்பதே வீட்டுக்குத் தெரியாது. பிஎஃப் பிடிக்கிற மாதச் சம்பளத்தை 35 ஆல் பெருக்கு, 15,000 வரைக்கும்தான் கணக்கு. அதோடு பிஎஃப் இருப்பில் பாதி, 1.75 லட்சத்துக்கு மிகாமல். மொத்தம் 7 லட்சம் வரை போகும். அப்பாவுக்கு 12,000-க்குப் பிடித்திருந்தார்கள் என்று வை, 35 மாதக் கணக்கே 4,20,000 ஆகிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் என்றால் 2.5 லட்சத்துக்குக் குறையாது.

கண்ணு, இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. அந்த மனுசன் கட்டிங் டேபிள் முன்னால் நின்ற நிற்புக்கு வரவேண்டிய கூலி. அம்மாவிடம் இதைச் சொல், அவங்க மனசு கொஞ்சம் ஆறும்.

மூன்றுக்கும் சேர்த்து, இறந்தவர் குடும்பத்துக்கென்று ஒரே படிவம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மா ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், உங்கள் இரண்டு பேரின் வயதுச் சான்று வைக்க வேண்டும். கம்பெனி கையெழுத்து வாங்க வேண்டும். எங்களுக்கு அங்கேதான் இழுத்தது. மாதாமாதம் 27ஆம் தேதி பிஎஃப் ஆபீஸிலிருந்து மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறார்கள். அங்கே நேரில் போய்ப் பேப்பரை நீட்டினோம், அதற்கப்புறம்தான் நகர்ந்தது.

அடுத்தது அப்பாவின் பாங்க் பாஸ்புக். வருடா வருடம் மே கடைசி, ஜூன் வாக்கில் 436 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார். கழிந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம். கணக்கு இருக்கிற கிளையிலேயே படிவம் கேள். லேட்டாகிவிட்டது என்று சொன்னாலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள். 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக்கு மட்டும், உங்களுக்குப் பொருந்தாது.

தம்பி ஆறிலிருந்து பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும். 2024 ஆகஸ்டில் கோயமுத்தூரில்தான் தொடங்கினார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே பதிவு செய்ய வேண்டும். இன்ஜினியரிங் சீட்டில் இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், அதை நம்பிக் காத்திருக்காதே.

இந்த ஏழெட்டு மாதமாக இதை ஏன் அந்தக் கம்பெனியில் ஒருத்தரும் உங்களிடம் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. எத்தனை வீட்டில் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்திருக்கும், பணம் மட்டும் ஆபீஸில் கிடக்கும். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் கம்பெனியில் யாராவது தவறினால் தயவுசெய்து அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

———

குமாரபாளையம் தம்பி:

அக்கா, உதவி கேட்பது பற்றி நான் ஒன்று சொல்கிறேன். அப்பா இல்லாமல், அம்மா தறி ஓட்டித்தான் என்னை வளர்த்தார்கள். என் முதல் வருட ஹாஸ்டல் பணம் பள்ளியில் முன்னால் படித்த அண்ணன்மார்கள் கொடுத்தது. நாங்கள் போட்டோ எதுவும் போடவில்லை. ஹெட்மாஸ்டர் சாரே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது:

"நம் பள்ளியில் இந்த ஆண்டு முடித்த மாணவனுக்கு கவுன்சிலிங்கில் சீட் கிடைத்துள்ளது. கல்விக் கட்டணத்துக்குக் கடன் விண்ணப்பித்துள்ளார்கள். முதல் ஆண்டு ஹாஸ்டல் கட்டணம் மட்டும் குறைகிறது. கல்லூரி கொடுத்த கட்டண விவரம் இணைத்துள்ளேன். பணத்தை நேராகக் கல்லூரிக் கணக்கில் செலுத்தலாம்."

எவ்வளவு குறைகிறது, எதற்கு, யாருக்குப் போகிறது என்று தெரிந்தால் கொடுக்கிறவர்களுக்கும் தயக்கம் இருக்காது. கல்லூரியில் போனஃபைடும் (அங்கே படிக்கிறான் என்கிற சான்று) கட்டண விவரமும் கேட்டால் தருவார்கள், வங்கிக்கும் அதே பேப்பர்தான். அப்பா போட்டோ, ஆதார், பாஸ்புக் நகல் இதையெல்லாம் பொதுவில் விடாதீர்கள். ஒருமுறை ஃபார்வேர்டு ஆகிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், தம்பியின் வாத்தியார்கள், தெரிந்தவர்களிடம் முதலில் கேளுங்கள்.

———

பல்லடம் மூத்தவள்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நேற்று ராத்திரி அம்மாவும் நானும் அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். அவர் போனபிறகு நாங்கள் அதைத் தொடவே இல்லை. சம்பளச் சீட்டில் யுஏஎன் நம்பர் இருக்கிறது. பாஸ்புக்கில் 436 கழிந்த வரியும் இருக்கிறது. அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டியிருக்கிறார்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டோம். ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறான், சித்தோடு மேலே இருக்கிறது.

ஒரு சந்தேகம். பிஎஃப் பேப்பரில் நாமினி என்று எங்கள் ஆத்தா பேர் இருக்கிறது, அதாவது அப்பாவின் அம்மா. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதியது. ஆத்தா இறந்து பல வருடம் ஆகிறது. இதனால் பணம் வராமல் போய்விடுமா?

———

சோமனூர் அக்கா:

போகாது அம்மிணி, பயப்படாதே. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய பிஎஃப் நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், அது சட்டம். நாமினி இல்லையென்றால் குடும்பத்துக்குத்தான் வரும். கல்யாணமாகாத மகள் என்பதால் உனக்கும் அதில் பங்கு உண்டு, அதனால் அம்மாவோடு நீயும் கையெழுத்துப் போட வேண்டி வரும். வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் இது நடக்காது, அதை நாளைக்கே இ-சேவையில் போட்டுவிடு. ஆத்தாவின் இறப்புச் சான்றிதழும் ஒரு நகல் வைத்துக்கொள்.

கம்பெனிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. படிவம் கொடுத்த தேதியைப் போட்டு ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள். அவர்கள் இழுத்தடித்தால் வங்கி மேலாளரிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கி நேராகப் பிஎஃப் ஆபீஸில் கொடுக்க முடியுமா என்று 27ஆம் தேதி முகாமில் கேட்கலாம். அன்றைக்கு நானும் திருப்பூருக்கு வருகிறேன். சோமனூரிலிருந்து ஒரு பஸ்தானே.