மைனஸ் குறி விட்டுப்போனால் போர்ட்-ஓ-பிரின்ஸ் அரபிக்கடலில்: பேரிடரில் ராணுவமும் சிவில் துறையும் தகவல் பகிர்ந்த அனுபவங்கள்

நிலவரை:
ஹெய்ட்டி நிலநடுக்கம், 12 ஜனவரி 2010. பின்னணி எல்லாருக்கும் தெரியும், நேரே வருகிறேன். இன்னும் உறுத்துவது ஒரு சின்னக் கோடு. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இருப்பது 18.54 வடக்கு, 72.34 மேற்கு. சிவில் ஆட்கள் எக்செல்லில் இதை 18.54, -72.34 என்று வைத்திருப்பார்கள். காப்பி அடிக்கும்போது மைனஸ் உதிர்ந்தால் புள்ளி அலிபாகுக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அரபிக்கடலில் விழும். இந்த மாதிரி பெரிய தப்பு பரவாயில்லை, திரையில் பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆளைக் கொல்வது சின்னத் தப்புதான்.

ஹெலிகாப்டர் பைலட் டிகிரியும் தசம நிமிடமுமாகக் கேட்பார்: 18 டிகிரி 32.5 நிமிடம். அதை யாராவது 18.325 என்று பதிந்தால் 24 கிலோமீட்டர் தெற்கே மலையில் போய் நிற்கும். இதையும் பிடித்துவிடலாம். ஆனால் 18 டிகிரி 32 நிமிடம் 30 விநாடியை 32.30 நிமிடம் என்று எழுதினால் வித்தியாசம் வெறும் 370 மீட்டர். வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. இடிந்து கிடக்கும் ஊரில் 370 மீட்டர் என்றால் நாலைந்து தெரு. மோப்ப நாயும் கான்கிரீட் கட்டரும் வேறொரு குவியலுக்குப் போய்விடும்.

தரைப்படைக்கோ இது எதுவும் வேண்டாம். அவர்களுக்கு எம்.ஜி.ஆர்.எஸ். என்ற ராணுவ வரைபடக் கட்ட முறை. போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மண்டலம் 18 க்யூ, பிறகு சதுரத்தின் எழுத்து ஒய்-எஃப், பிறகு எண்கள். ஆறு இலக்கம் என்றால் நூறு மீட்டர் கட்டம், எட்டு என்றால் பத்து மீட்டர். ஆகவே ஒரு புள்ளியை அனுப்பும்போது தசம டிகிரியும் எட்டு இலக்கக் கட்டமும் சேர்த்து எழுதி, கூடவே கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளமும் போட வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் வாங்குகிறவர் அங்கேயே நிறுத்திக் கேட்பார். போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

திறந்த கோப்பு:
புள்ளி சரியாக இருந்தும் அது வெளியே வராவிட்டால் என்ன செய்வீர்கள்? ஹெய்ட்டியில் அதுதான் முதல் சிக்கல். நிலவரை சொல்வது அதற்கு அடுத்த படி.

எனக்கு மறக்காதது தேசிய மாளிகை சரிந்து கிடந்த அந்த வான்படம். குளோபல் ஹாக் என்ற அமெரிக்க ஆளில்லா விமானம் எடுத்தது. சாதாரண நாளில் அந்த மாதிரிப் படம் ரகசிய வலையை விட்டு வெளியே வராது. படத்தில் உள்ள கட்டடம் ரகசியம் இல்லை. படத்தோடு ஒட்டிவரும் உயரம், கோணம், சென்சாரின் தெளிவு ஆகியவைதான் ரகசியம். அந்த விவரங்களை உரித்துவிட்டு படத்தைப் பொதுவில் விட்டார்கள். இடிபாடுகளைக் குறித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது பயன்பட்டது.

இதில் சிக்கல் எங்கே என்றால், ரகசிய வலையில் ஒரு கோப்பைத் தயாரித்துவிட்டால் அதைத் திறந்த வலைக்கு இறக்குவதே தனி வேலை. பென் டிரைவில் எடுத்துப் போக முடியாது. வெளியிட அதிகாரம் உள்ளவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் கோப்பும் தூங்கும். அதனால் நிவாரண வேலையில் எதையும் திறந்த வலையிலேயே தொடங்குவதுதான் சரி. ஹெய்ட்டி கூட்டுப் படையை நடத்திய ஜெனரல் கென் கீன் செய்தது அதுதான். ரகசியம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனித்தாளில் எழுதி மேலே அனுப்பலாம்.

இன்னொரு தொல்லை, "அலுவல் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற முத்திரை. அது ரகசிய வகையே அல்ல, ஆனாலும் செஞ்சிலுவைக்கோ தண்ணீர் விநியோகிக்கும் தொண்டு நிறுவனத்துக்கோ கொடுக்கக் கை நடுங்கும். டெம்ப்ளேட்டின் அடியில் முன்பே அச்சாகி இருப்பதால் சாலை நிலவரத்துக்குக்கூட அது ஒட்டிக்கொண்டு போகும். புதுக் கோப்பு திறந்தவுடன் அந்த அடிவரியை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அமெரிக்கப் படை அங்கே பயன்படுத்திய ஏபான் என்ற தகவல் பகிர்வு இணையதளத்தின் பலமே, ராணுவ அடையாள அட்டை இல்லாதவரும் மின்னஞ்சல் முகவரி கொடுத்து உள்ளே வரலாம் என்பதுதான். பசிபிக் கட்டளைப் பிரிவில் பிறந்தது. ஆனால் குழுவில் சேர ஒருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரே ஆளிடம் விட்டால் இரவு எட்டு மணிக்கு விண்ணப்பித்தவர் காலை வரை வெளியே நிற்பார். ஷிப்டுக்கு ஒருவர் என மூன்று பேர் வேண்டும்.

கடலோரத்தான்:
மேலே இருவரும் தளம், முத்திரை என்று பேசுகிறீர்கள். ஒக்கி புயலில் தேவைப்பட்ட தகவல் எந்தத் தளத்திலும் இல்லை. அது மீனவர்களின் தலைக்குள் இருந்தது.

30 நவம்பர் 2017. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போய்விட்டன. படகில் உள்ள வி.எச்.எஃப். ரேடியோ செட் இருபது சொச்சம் கடல் மைலுக்கு மேல் எட்டாது. எந்த மடையில் (மீன்பிடிக்கும் இடத்தில்) எந்த ஊர்க்காரர்கள் வலை போடுவார்கள், காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பது கரையில் இருந்த மீனவர்களுக்குத்தான் தெரியும். கடற்படைக் கப்பலில் மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு தேடப் போன காட்சி இருக்கிறதே, இந்த இழையின் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அதில் ரகசியம் எதுவும் இல்லை, ராணுவத்திடம் அந்தத் தகவலும் இல்லை. தகவல் சிவில் பக்கத்திலிருந்து ராணுவத்துக்குப் போக வேண்டியிருந்தது. பகிர்வு என்றாலே ராணுவம் கொடுப்பது என்று நினைப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

இடத்தோடு நேரம் இல்லாவிட்டால் கடலில் அது தகவலே இல்லை. ஒன்றரை நாட் (மணிக்கு ஒன்றரைக் கடல் மைல்) ஓட்டத்தில் 36 மணி நேரம் மிதந்தால் 54 கடல் மைல், அதாவது நூறு கிலோமீட்டர். "நேற்று பார்த்தோம்" என்றால் போதாது. பார்த்தது எத்தனை மணிக்கு, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, படகு கவிழ்ந்திருந்ததா, ஆட்கள் படகின் மேலா தண்ணீரிலா என்று கேட்க வேண்டும். கவிழ்ந்த படகும் தண்ணீரில் மிதக்கும் ஆளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை, தேட வேண்டிய கடற்பரப்பே மாறிவிடும்.

பங்குக் கோயில்கள் எடுத்த பட்டியலும் அரசுப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. ஆள் கணக்கு ஒருபுறம், படகுக் கணக்கு ஒருபுறம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊர்களில் பெயரை வைத்து ஒப்பிட்டால் இப்படித்தான் ஆகும். படகின் பதிவு எண்ணை முதல் நெடுவரிசையில் வைத்து, அதன் கீழே ஆட்களை எழுதியிருந்தால் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துக் கழித்திருக்கலாம்.

ஏப்ரன்:
போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் செயலிழந்துவிட்டது. அமெரிக்க விமானப்படையின் சிறப்புக் குழு ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு விமானங்களை இறக்கியது. ஒரே ஓடுதளம், குறுகிய நிறுத்துமிடம். பின்னர் நேர ஒதுக்கீட்டை ஃப்ளோரிடாவில் டிண்டல் விமானப்படைத் தளத்திலிருந்து நடத்தினார்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் விமானங்கள் பக்கத்து நாடான டொமினிகன் குடியரசுக்குத் திருப்பிவிடப்பட்டதாக வெளிப்படையாகவே புகார் சொன்னது. ஒரு விமானத்தில் ஊதிப் பெரிதாக்கும் மருத்துவமனை இருந்தது. மேசையில் இருப்பவருக்குத் தெரிவது விமான வகையும் நேரமும் மட்டும் என்றால் அறுவைசிகிச்சைக் கூடமும் போர்வை மூட்டையும் அவருக்கு ஒன்றுதான். ஸ்லாட் (இறங்கும் நேரம்) கேட்கும்போதே இவற்றையும் சொல்லிவிட வேண்டும்: உள்ளே என்ன சரக்கு, அதை இறக்க ஃபோர்க்லிஃப்ட் போதுமா அல்லது உயரமான லோடர் வேண்டுமா, இறக்க எத்தனை நிமிடம், திரும்பப் போக எரிபொருள் கையில் இருக்கிறதா, தரையில் சரக்கை ஏற்க யார் காத்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஏற்க ஆள் வராத சரக்கு நிறுத்துமிடத்தை அடைத்துக்கொள்ளும், அடுத்த விமானம் வானிலேயே சுற்றும்.

வருவாய்:
2018 கேரள வெள்ளம். ஆகஸ்ட் 17 அன்று ஆலுவா பக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கடற்படை ஹெலிகாப்டர் தூக்கிப்போனதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதில் பலரும் கவனிக்காதது, முதலில் கீழே இறங்கியவர் ஒரு டாக்டர். அவர் பார்த்து முடித்த பிறகே மேலே தூக்கினார்கள். பனிக்குடம் உடைந்த பெண் என்று தெரிந்திருந்தால்தான் டாக்டரோடு போக முடியும். "ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது" என்று மட்டும் வந்திருந்தால் கயிற்றில் தூக்கும் வின்ச் ஆள் மட்டும்தான் போயிருப்பார்.

கடலோரத்தானுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலில் உள்ள சிக்கலை அப்படியே தரைக்குக் கொண்டுவராதீர்கள். கேரளத்தில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை, மிதமிஞ்சி இருந்தது. மீட்கப்பட்டு முகாமுக்குப் போய்விட்டவர்களின் வாட்ஸ்அப் செய்தி நாள் கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. தேதி இல்லை, நேரம் இல்லை, "அவசரம், பகிரவும்" என்பது மட்டும் இருந்தது.

மாவட்டக் கன்ட்ரோல் ரூமில் உட்காரப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1077 மாவட்டத்துக்கு, 1070 மாநிலத்துக்கு. எந்த வழியில் வந்த கோரிக்கையானாலும் அந்த அறை ஒரு வரிசை எண் கொடுத்த பிறகுதான் ராணுவத்துக்குப் போக வேண்டும். எண் கொடுக்கும் உரிமை ஒரே மேசைக்கு மட்டும். ஏற்கெனவே எண் உள்ள வீட்டைப் பற்றி இன்னொரு அழைப்பு வந்தால் புது எண் போடாமல் பழைய வரியிலேயே நேரத்தைத் திருத்துங்கள். செல்போன் எண்ணை வைத்துத் தேடினால் பெரும்பாலான இரட்டைப் பதிவுகள் பிடிபடும்.

வரியில் இருக்க வேண்டியவை: கடைசியாக உறுதிசெய்த நேரம், 24 மணிக் கணக்கில். எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை பேர், டயாலிசிஸ், ஆக்சிஜன், பிரசவம் உண்டா. மொட்டை மாடி உண்டா, ஓட்டுக்கூரையா. ஓட்டில் ஆளை இறக்க முடியாது, ரோட்டரின் காற்றுக்கு ஓடு பறக்கும். தென்னை எவ்வளவு நெருக்கம், மேலே மின்கம்பி போகிறதா, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா. படகு போக முடியும் என்றால் நீரின் ஆழமும் இழுப்பும். "சிவப்பு ஓட்டு வீடு" என்று எழுதாதீர்கள். மேலிருந்து பார்த்தால் தெருவே சிவப்பு ஓடுதான். மாடியில் வெள்ளை வேட்டியையோ நிறமான போர்வையையோ விரிக்கச் சொல்லி, அதன் நிறத்தை வரியில் எழுதுங்கள்.

படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் உள்ளே இருக்கும் இடக்குறிப்பு போய்விடும்.

ராணுவத் தொடர்பு அதிகாரி கலெக்டர் அலுவலகத்திலேயே உட்கார வேண்டும், முகாமில் அல்ல. மணிக்கு ஒருமுறை தாளை எடுத்துப்போய், அதே வரிசை எண்ணில் பதில் கொண்டுவர வேண்டும்: மீட்டாயிற்று, ஆள் இல்லை, அணுக முடியவில்லை. மூன்றாவதற்குக் காரணமும் வேண்டும். காரணம் தெரிந்தால் தீயணைப்புத் துறையோ, அரக்கோணத்திலிருந்து வந்த தேசிய பேரிடர் மீட்புப் படையோ வேறு வழி பார்ப்பார்கள். அழைப்புப் பெயர், அலைவரிசை, எந்தத் தளத்தில் எத்தனை ஹெலிகாப்டர் என்பதெல்லாம் அந்தத் தாளில் வரவே தேவையில்லை. யாரை எந்த முகாமில் இறக்கினார்கள் என்பது கட்டாயம் வர வேண்டும், சொந்தக்காரர்கள் கேட்பது அதைத்தான். ராணுவம் பெய்லி பாலம் (தற்காலிக இரும்புப் பாலம்) போட்டால் எத்தனை டன் தாங்கும் என்பதும் அன்றைக்கே வர வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் தண்ணீரே 12 டன். வண்டியின் எடை அதற்கு மேல்.

திறந்த கோப்பு:
வருவாய், உங்கள் தாளில் செல்போன் எண்ணும் நோய் விவரமும் இருக்கின்றன. ராணுவ ரகசியம் இல்லை என்பதால் அது பொதுத் தகவல் ஆகிவிடாது. தன்னார்வலர்களின் பொதுத் தளத்துக்குப் போகும் பிரதியில் வரிசை எண், இடம், நிலை மூன்றும் போதும். பெயர், எண், நோய் மூன்றும் அறைக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு தாளையும் இணைப்பது அந்த வரிசை எண்தான்.

நிலவரை:
வருவாய் சொன்ன 24 மணி நேரத்தோடு இதையும் சேர்க்க வேண்டும். விமானப்படை ஜூலு நேரத்தில், அதாவது கிரீன்விச் நேரத்தில், எழுதும். 2015 சென்னை வெள்ளத்தில் டிசம்பர் 2 அதிகாலை 3 மணி என்பது அவர்கள் கணக்கில் டிசம்பர் 1, 2130. தேதியே மாறிவிடுகிறது. நேரத்துக்குப் பின்னால் இந்திய நேரமா ஜூலுவா என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள், தாளின் தலைப்பில் மட்டும் போட்டால் வெட்டி ஒட்டும்போது காணாமல் போகும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. கட்ட முறையில் இரண்டு மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி கிழக்குக் கோடு நம் மாநிலத்தின் நடுவே போகிறது. திண்டுக்கல் 43-ஆம் மண்டலம், மதுரை 44. "எல்லாம் பக்கத்து ஊர்தானே" என்று மண்டல எண்ணை விட்டுவிட்டு வெறும் கட்ட எண்ணை அனுப்பினால் கோட்டின் மறுபக்கம் உள்ள ஊர் இடம் மாறிவிடும். பழைய டோப்போ ஷீட் (நில அளவை வரைபடம்) எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவு அடிப்படையில் வரைந்தது, ஜி.பி.எஸ். காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது அடிப்படை. சென்னைப் பக்கம் இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி. 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த திறந்த வரிசை ஷீட்டுகள் டபிள்யூ.ஜி.எஸ். 84-லேயே இருக்கின்றன, படைக்கான வரிசை தனி. ஆகவே மேசையில் விரித்திருக்கும் ஷீட்டின் ஓரத்தைப் படித்துவிட்டுப் புள்ளி குறியுங்கள். கோப்பாக அனுப்புவதென்றால் கே.எம்.எல். (கூகுள் எர்த்தில் திறக்கும் வகை) நல்லது, அது எப்போதும் டபிள்யூ.ஜி.எஸ். 84. ஷேப் ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகை என்றால் நான்கு கோப்பும் சேர்ந்து போக வேண்டும். பி.ஆர்.ஜே. கோப்பை விட்டுவிட்டால் எதன் அடிப்படையில் வரைந்தது என்பதே வாங்குகிறவருக்குத் தெரியாது.