அப்பாவோடு ஓர்வியேட்டோ மலையில் ஒரு நாள்

என் அப்பா கொத்தனார். நாற்பது வருடம் கரண்டி பிடித்த கை. நான் வேலைக்காக ரோமில் இருக்கிறேன். போன அக்டோபரில் அவர் என்னிடம் வந்து மூன்று வாரம் தங்கினார். ரோமின் பெரிய இடிபாடுகளையெல்லாம் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், அதிகம் பேசவில்லை. ஓர்வியேட்டோவுக்குப் போன அன்றுதான் வாய் திறந்தார், அப்புறம் இரவு வரை மூடவில்லை.

ரோமிலிருந்து வடக்கே ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இறங்கி நிமிர்ந்தால் நான்கு பக்கமும் செங்குத்தாக அறுத்து நிறுத்திய மாதிரி ஒரு பாறை, உச்சி மேசை போலத் தட்டை, அதன் விளிம்பு வரைக்கும் வீடுகள். மேலே போக விஞ்ச் ரயில் இருக்கிறது. 1888இல் அதை முதலில் ஓட்டியது தண்ணீரின் எடை. உச்சியில் நிற்கும் பெட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள், அது இறங்கும் கனத்தில் கீழே நிற்கும் பெட்டி மேலே வரும். இப்போது ஓடுவது மின்சாரத்தில், 1990இலிருந்து.

பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போதே அப்பா பாறையைக் காட்டி, "இது உதிர்ற கல்லாச்சே பாப்பா, இது மேலயா ஊரைக் கட்டியிருக்காங்க?" என்றார். மேலே போனதும் முதல் வேலையாக ஒரு சந்துச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பழுப்பு மஞ்சளாகத் தூள் ஒட்டியது. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லானது இது, இத்தாலியர்கள் 'தூஃபோ' என்பார்கள். வீடு, மதில், கோபுரம், ஊர்மன்றம் என்று ஊரே பெரும்பாலும் இந்தக் கல்தான். "மலையும் அதே கல்லு, வீடும் அதே கல்லு. அப்ப கல்லை எங்கேருந்து எடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு முழுவதும் சுற்றினோம்.

முதலில் பேராலயம். சந்தின் முனை திரும்பியதும் திடீரென்று எதிரே நிற்கிறது. முகப்பு முழுக்கத் தங்க மொசைக், வட்டச் சாளரம், கீழே நான்கு அகலமான தூண்சுவர்களில் உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை கல்லில் செதுக்கிய கதைகள். 1290இல் போப் நான்காம் நிக்கோலஸ் அடிக்கல் நாட்டியிருக்கிறார். வேலை தள்ளாடியபோது சியேனாவிலிருந்து லொரென்ஸோ மயிதானி என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்து, 1310இல் தலைமைப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நான் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைக் காணோம். பக்கவாட்டுச் சுவரில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக ஏறும் கல் வரிகளுக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு வரி எரிமலைக் கருங்கல், அடுத்தது டிராவர்டைன் என்ற வெளுத்த சுண்ணாம்புக் கல். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்து மட்டம் பார்த்தார். "இத்தனை நீளத்துக்கு ஒரு வரி கூட இறங்கல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. முகப்பை நான் மறுபடியும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கச் சுவரை அவர் இல்லாமல் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஆலயத்து முற்றத்திலிருந்தே கைடுடன் நிலவறைகளுக்குக் கூட்டிப் போகிறார்கள். இறங்கினதும் அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கல்லை எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. தங்கள் வீட்டுக்கு அடியிலேயே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரோமர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலிருந்து, அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாக, இந்தத் தோண்டல் நடந்திருக்கிறது. இதுவரை கணக்கெடுத்த குகைகளே ஆயிரத்து இருநூறு அளவுக்கு இருக்கும். ஒன்றில் செக்குக்கல்லும் ஆலிவ் பிழிந்த பொறியும். இன்னொன்றில் சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாக மாடக்குழிகள், எல்லாம் புறாக்களுக்கு. மலைச் சரிவைப் பார்த்து ஒரு திறப்பு விட்டுவிட்டால் போதும், புறா தன் இரையைத் தானே தேடிக்கொண்டு திரும்பி வரும். எதிரி மலையைச் சுற்றி வளைத்தாலும் வீட்டில் கறி இருக்கும்.

எட்ருஸ்கர்கள் வெட்டிய கிணறுகளையும் காட்டினார்கள். ஒரு ஆள் நுழையும் அகலம்தான், நேர் கீழே போகிறது, இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கப் பள்ளங்கள். அப்பா உடனே இரண்டு காலையும் விரித்து, முதுகைச் சாய்த்து, எப்படி இறங்கியிருப்பார்கள் என்று தரையிலேயே செய்து காட்டினார். கைடாக வந்த பெண் சிரித்துவிட்டு, தன் டார்ச்சை அவர் கையில் கொடுத்தார். அப்பா அதைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடித்து, உளித் தடங்களைப் பார்த்தார். "எல்லாம் இந்தப் பக்கமா சாஞ்சிருக்கு, இது மட்டும் எதிர்ப் பக்கம். இந்த மூலைய வெட்டினவன் இடதுகைக்காரனா இருக்கணும்." நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் வெகுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக இதைக் கடந்து போகிறேன், இதைக் கவனித்ததில்லை என்றார்.

இன்னொரு அறையில் அந்தக் கைடு பொசொலானா என்ற சொல்லைச் சொன்னதும் அப்பா என் கையைப் பிடித்தார். சிமென்ட் மூட்டையில் 'போர்ட்லாண்ட் பொசொலானா' என்று அச்சடித்திருக்குமே, அதே சொல். நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கும் பொஸ்ஸுவோலி ஊரின் பெயரில் வந்த எரிமலை மண் அது. சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயும் இறுகும். அதையும் இங்கே அடியிலிருந்து அள்ளியிருக்கிறார்கள். கல்லும் கீழே, கலவைக்கு மண்ணும் கீழே. வாழ்நாள் முழுக்க மூட்டையில் பார்த்த பெயர் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இப்படி வெட்டிக்கிட்டே போனா மேல வீடு என்னாகும்?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. அடியில் களிமண், அதன்மேல் இந்தக் கல் என்பதால் பாறை விளிம்பு சரிந்துகொண்டே இருந்திருக்கிறது. 1978இல் ஓர்வியேட்டோவுக்கும் தோதி என்ற இன்னொரு மலை ஊருக்கும் என்றே இத்தாலி தனிச்சட்டம் போட்டுப் பாறையைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறது.

வெளியே வந்து மறுபடி ஆலயத்துக்குள் போனோம். சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் லூக்கா சிக்னொரெல்லி 1499இல் தொடங்கி ஐந்து வருடம் வரைந்த சுவரோவியங்கள். உயிர்த்தெழும் மனிதர்கள் வெளுத்த தரையிலிருந்து கையை ஊன்றி, தோளை நெளித்து, தங்களைத் தாங்களே வெளியே இழுத்துக்கொள்கிறார்கள். குகையிலிருந்து ஏறி வந்த உடம்போடு அதைப் பாருங்கள் என்பேன். வரிசையை மாற்றாதீர்கள்.

கடைசியாகப் புனித பாத்ரிக் கிணறு, விஞ்ச் ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி ஓடிவந்தது இந்த மலைக்குத்தான். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் அந்தோனியோ தா சாங்கல்லோவை வைத்துத் தோண்டச் சொன்னார். முடிய 1537 ஆகிவிட்டது, அதற்குள் போப் இறந்துவிட்டார். ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம், பதின்மூன்று மீட்டர் அகலம். நடுவில் வெற்றுக் குழாய் மாதிரி கிணறு, அதைச் சுற்றி ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள் படிக்கட்டுகள். ஒன்றில் இறங்கும் கோவேறு கழுதை அடியில் ஒரு சிறு பாலத்தைத் தாண்டி, மற்றதில் தண்ணீரோடு ஏறிவிடும். எதிரே எதுவும் வராது.

அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. 248 படி என்றதும் நான் வேண்டாம் என்றேன். "வந்துட்டு இதைப் பாக்காம போறதா?" என்று இறங்கிவிட்டார். விலங்குகளுக்காகப் போட்ட படி, உயரம் குறைவு, அகலம் அதிகம், அதனால் கால் அவ்வளவாக நோகவில்லை. சுவரில் இருக்கும் சாளரங்கள் வழியாக எதிர்ப் படியில் ஏறுகிறவர்களின் தலை தெரியும், மறையும். பாதி ஆழத்துக்குக் கீழே கல் போய்ச் செங்கல் கட்டு வருவதை அவர்தான் காட்டினார். களிமண் தொடங்கிவிட்டது, அங்கே வெட்டினால் நிற்காது, கட்டித்தான் ஆக வேண்டும் என்று விளக்கினார். அடியில் பாலத்தில் நின்று நிமிர்ந்தால் வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது.

* * *

அக்கா, உங்கள் ஓர்வியேட்டோ கட்டுரையைப் படித்ததும் சான் ஜிமிஞானோ ஞாபகம் வந்துவிட்டது. டஸ்கனியில் இருக்கும் மலை ஊர். ஒரு காலத்தில் எழுபத்திரண்டு கோபுரங்கள் இருந்தனவாம், இப்போது பதினான்கு நிற்கின்றன. பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. ஊர்மன்றத்தின் பெரிய கோபுரம் 54 மீட்டர், அதில் மட்டும் மூச்சு வாங்க ஏறினேன். 1348இல் கொள்ளைநோய் வந்து ஊர் ஒடுங்கிப்போய், சில வருடத்தில் பிளாரன்ஸுக்குக் கீழே போய்விட்டது. அப்புறம் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரிடம் வசதி இல்லை, அதனால்தான் இவ்வளவு மிச்சம் என்று புரிந்தபோது கொஞ்சம் நேரம் பேச்சே வரவில்லை.

நான் அங்கே அதிக நேரம் உட்கார்ந்திருந்தது கிணற்றடியில். சிஸ்தெர்னா சதுக்கத்தின் நடுவில் 1273இல் கட்டிய எண்கோண மேடை, அதில் கிணறு. விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விரல் ஆழத்துக்கு வரி விழுந்திருக்கிறது. சாயங்காலம் பேருந்துகள் கிளம்பி ஊர் காலியானதும் ஒரு பாட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து அந்த வரிக்குள் வைத்தார், பிறகு தன் கையை அடுத்த வரியில் வைத்தார். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

* * *

நானும் இந்தக் கட்டுரையைப் படித்தேன். ஓர்வியேட்டோ வரைக்கும் போகிறவர்கள் சிவிதா தி பாஞ்ஞோரேஜோவையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில்தான். அதே கல், அதே களிமண், ஆனால் அங்கே மலை கரைந்துகொண்டே வருகிறது. 1695இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள். உள்ளே போக நடைபாலம் ஒன்றுதான் வழி. அதில் நடக்கும்போது இரண்டு பக்கமும் மண் முகடுகள் கத்தி முனை மாதிரி நிற்கும். ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே இருந்தது. சாளரத்துக்குள் எட்டிப் பார்த்தேன், உள்ளே வீடு இல்லை, பின்னால் பள்ளத்தாக்கு. நீங்கள் எழுதிய 1978 சட்டம் எதைத் தடுத்தது என்று இப்போது படிக்கும்போதுதான் புரிகிறது.

* * *

என் கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதிய இருவருக்கும் நன்றி. கிணற்று விளிம்புக் கயிற்றுத் தடத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எந்தப் பக்கம் ஆழமாக இருந்தது என்று கேட்கச் சொல்கிறார். ஏனென்றால் ஆழமான பக்கத்தில் ஆள் நின்று இழுத்திருப்பார்களாம். தெரிந்தால் எழுதுங்கள் தம்பி.

போகிறவர்களுக்கு ஒன்று. அரை நாள் போதும் என்று திட்டம் போட்டு நான் தவறு செய்தேன், முழு நாளாக வையுங்கள். நிலவறைக்குக் கைடு இல்லாமல் போக முடியாது, அதனால் ஊருக்குள் போனதும் முதலில் அந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் ரயிலில் அப்பா டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த இரட்டைப் படிக்கட்டை வரைந்தார். மூன்று தடவை இரண்டு படியும் எங்கோ ஒரு இடத்தில் முட்டிக்கொண்டன. நாலாவது தடவை ரோம் வருவதற்குள் சரியாக வந்தது.