காலரா நச்சில் ஐந்து 'பி' துண்டுகள் எதற்கு?

கேள்வி:
எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். காலரா நச்சுப் புரதத்தில் ஒரு 'ஏ', ஐந்து 'பி' துண்டுகள். கெடுதல் செய்வது 'ஏ' மட்டும்தான் என்றால் ஐந்து 'பி' எதற்கு?

பதில்:
பிடிமானத்துக்கு. ஐந்தும் வளையமாகச் சேர்ந்து, குடல் செல்லின் மேலுள்ள ஜிஎம்1 என்ற சர்க்கரை ஒட்டிய கொழுப்பைப் பற்றும். ஒரு கை நழுவலாம். ஐந்து கை நழுவாது. வகுப்பில் நான் ஐந்து மாவு உருண்டைகளை வட்டமாக ஒட்டி, நடுத்துளையில் தீக்குச்சியைச் செருகிக் காட்டுவேன். 'ஏ' துண்டுக்கு இரண்டு பகுதிகள்: குச்சி ஏ2, அதன் தலையில் உட்காருவது ஏ1. அந்த ஏ1தான் பிரிந்து செல்லுக்குள் போய், செய்தி கடத்தும் ஜி புரதத்தை அணையாத சுவிட்சாக்கிவிடும். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு ஏறும்; குளோரைடும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும்.

அப்புறம், 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற ஆய்வாளர், காலரா கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமியை நீக்கிய வடிநீரே முயல் குடலை நீரால் வீங்கவைக்கும் என்று காட்டினார்; அதாவது, வேலையைச் செய்வது நச்சுதான். அவர் பெயரை மாணவர்களுக்குச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
சரி, கிருமியைக் கொன்றாலும் உள்ளே போன ஏ1 நிற்காதா?

பதில்:
உடனே நிற்காது. ஆனால் குளுக்கோஸோடு சோடியத்தை உறிஞ்சும் வழி கெடுவதில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பது அந்த வழியில்தான்.