மோந்தாயூ கிராம வரலாறு: லத்தீன் அறிந்தவர்களின் உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். தென் பிரான்ஸில், பிரெனே மலைப்பகுதியில் உள்ள மோந்தாயூ என்னும் சிற்றூரைப் பற்றிக் கட்டுரை ஒன்றை எழுதி வருகிறேன். கத்தார் (Cathar) எனப்பட்ட, கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத கிறித்தவப் பிரிவின் செல்வாக்கு மிகுந்திருந்த இவ்வூர் மக்களில் பலரை, 1318 முதல் 1325 வரை பாமியே நகர ஆயர் ழாக் ஃபூர்னியே விசாரித்தார். பின்னாளில், 1334இல், பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவரான அவருடைய விசாரணைப் பதிவேடு இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

மன்னர்களின் போர்களை விட்டுவிட்டு ஆடு மேய்ப்பவர்களும் விதவைகளும் பேசியதைப் பதிந்து வைத்திருப்பதாலேயே அது எனக்கு ஈடு இணையற்ற ஆவணமாகத் தெரிகிறது. விசாரிக்கப்பட்ட பெண்களில் ஒருவரான பெயாத்ரீஸ் தெ பிளானிசோல் பிடிபட்டபோது, வழக்கில் வெற்றி தரும் என்று நம்பி அவர் பையில் வைத்திருந்த பேரன்களின் தொப்புள்கொடிகள்கூட அதில் குறிக்கப்பட்டுள்ளன.

அவருடைய வாக்குமூலத்தில் சில பக்கங்களைப் பிரெஞ்சு வழியாகத் தமிழாக்கியிருக்கிறேன். லத்தீன் அறிந்தவர்கள் யாரேனும் அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தித் தர இயலுமா? துலூஸ், ஃபுவா பக்கம் வசிப்பவர்கள், ஊரின் மேட்டில் சிதைந்து நிற்கும் கோட்டையைத் தாங்களே படமெடுத்திருந்தால், அதைக் கட்டுரையில் வெளியிட அனுமதி தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுத்தவரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுவேன்.